இந்தப் பொந்து எந்தச் சிலந்தியுடையது?

புல் அதிகம் இல்லாத மண்தரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. விளிம்பில் சருகையும் புல்துணுக்கையும் நூலால் கட்டி, கிணற்றுக் கைப்பிடிச் சுவர் மாதிரி எழுப்பியிருக்கிறது. இரவில் நெற்றி விளக்கோடு போனால் கண்கள் பளிச்சென்று மின்னுகின்றன. மூடி இல்லை, அதனால் கதவுச் சிலந்தியாக இருக்காது. ஓநாய்ச் சிலந்தி என்பது என் ஊகம். நேற்று பின்பக்கம் ஒட்டிய முட்டைப்பையை வாசலில் வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தது! குஞ்சுகள் முதுகில் ஏறும்வரை தொந்தரவு செய்ய மனமில்லை.

கண்கள் ஓநாய்ச் சிலந்திக்கு உரிய 4-2-2 வரிசையில்தான் (கீழே நான்கு, நடுவில் இரண்டு, மேலே இரண்டு) இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிடிக்காமல், பொந்தைத் தோண்டாமல் முகத்தைப் படமெடுக்க வழி உண்டா? இனம் சொல்ல நுண்ணோக்கி வேண்டியிருக்கும், சரி. பேரினம் தெரிந்தாலே போதும். அதற்கு வேறு எந்தப் பக்கத்துப் படம் வேண்டும்?