கொல்லைப்புற அக்வாபோனிக்ஸ்: முதல் மூன்று மாதத்தில் ஆளைக் கவிழ்த்தது எது? (அனுபவப் பகிர்வு)

தொட்டிக்காரன்:

நைட்ரைட். வேறெதுவும் இல்லை. அக்வாபோனிக்ஸ் என்றால் மீன் தொட்டித் தண்ணீரைச் செடி பெட்டுக்கு ஓட்டித் திருப்புவது; மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா முதலில் மாற்றுவது இந்த நைட்ரைட்டாகத்தான்.

மூன்றாவது வாரம் அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளாக நிற்கும். மஞ்சள் என்றால் பூஜ்யம். "சைக்கிள் (தொட்டியில் பாக்டீரியா பெருகி நிலைப்பது) முடிஞ்சிருச்சு" என்று அன்றைக்கே அறுபது மீன் குஞ்சு இறங்கிவிடும். நைட்ரைட் குழாயை அந்த நேரத்தில் யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. அது பளிச்சென்று கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். நாலு நாள் கழித்து ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்தால், சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் டிகாக்‌ஷன் நிறம். அதைப் பார்த்தவர்கள் இரண்டு குழாயையும் ஆட்டாமல் மீன் விட மாட்டார்கள்.

அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ் முதலில் வந்துவிடும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா கூட்டம் பின்னால்தான் பெருகும். இடைப்பட்ட பத்துப் பதினைந்து நாள்தான் கண்டம்.

மீன் இல்லாமலே ஓட்டுங்கள். 1000 லிட்டர் தொட்டிக்கு 6 முதல் 7 கிராம் நவச்சாரம் (கெமிக்கல் கடையில் வெள்ளையாகச் சுத்தமாக விற்பது, ஈயம் பூசுகிறவரிடம் இருக்கும் பழுப்புக் கட்டி வேண்டாம்) கரைத்து ஊற்றினால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஏறும். அது பூஜ்யம் ஆகும்போதெல்லாம் மறுபடி அதே அளவு. 2 பிபிஎம் ஊற்றி 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் முடிந்தது. நம் வெயிலுக்கு 3 முதல் 5 வாரம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: தீனியை நிறுத்துங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், 1000 லிட்டருக்கு 1 கிலோ கல் உப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கீரை, தக்காளி இந்த அளவு உப்பைத் தாங்கும்.

பம்புசெட்:

தொட்டிக்காரன் அண்ணா, நவச்சாரம் வரை போகணுமா? அறுபது குஞ்சு விட்டதுதான் தப்பு, மீன் விட்டது தப்பில்லை. 1000 லிட்டரில் 15 குஞ்சு, நாளைக்கு 2 கிராம் தீனி. 32 சதவீதப் புரதத் தீனியில் நைட்ரஜன் 5 சதவீதம்தான். மீன் பிடித்துவைத்தது போக மிச்சம் எல்லாம் அம்மோனியாவாக வந்தால்கூட நாளைக்கு 0.1 பிபிஎம் ஏறாது. உப்பை முதல் நாளே போட்டுவிட்டால் நைட்ரைட் பயமும் பாதி போச்சு.

தலைப்புக்கு வருகிறேன். சைஃபன் (ஜல்லியில் செடி நிற்கும் பெட் நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்து வெளியேற்றும் குழாய் அமைப்பு). பெட் நிரம்பி, "களக்... களக்" என்று இழுத்து, கடைசியில் உறிஞ்சும் சத்தத்தோடு அறுபட வேண்டும். அந்தக் கடைசிச் சத்தம் வராமல் குழாய் முனையில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால், தொட்டி வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். உள்ளே ஜல்லி மேல்பாதி காய்ந்து, இரண்டு நாளில் நாற்று தலை சாயும்.

30 செ.மீ ஆழ பெட்டுக்கு ஓடும் அளவு: நடுக்குழாய் 1 இஞ்ச், உயரம் 25 செ.மீ (மேல் 5 செ.மீ ஜல்லி எப்போதும் காய்ந்திருக்கணும், இல்லாவிட்டால் பாசி). அதன் தலையில் ஒன்றரை இஞ்ச் ரெடியூசரைப் புனல் மாதிரி கவிழ்க்காமல் நிமிர்த்தி மாட்டுங்கள். மேலே மூடி போட்ட 3 இஞ்ச் குழாய்தான் மணி. அடியில் ஒரு இஞ்ச் உயரத்துக்கு நாலு பல் வெட்டணும். நடுக்குழாய் தலைக்கும் மணி மூடிக்கும் நடுவே ஒரு இஞ்ச் இடைவெளி. ஜல்லி உள்ளே வராமலிருக்க வெளியே 6 இஞ்ச் குழாய், சுற்றிலும் துளை.

இழுக்கவே மாட்டேன் என்றால் தண்ணீர் வரத்து குறைவு, அல்லது வெளியேறும் குழாய் நேராகக் காற்றில் தொங்குகிறது. அடியில் இரண்டு எல்போ போட்டால் பிடித்துக்கொள்ளும். நிற்கவே மாட்டேன் என்றால் வரத்து அதிகம்; மணி மூடியில் துளை போட்டு, சலைன் டியூபை அடிப் பல் மட்டம் வரை இறக்கி காற்று வழி கொடுங்கள். ஆறு மாதம் நன்றாக ஓடி திடீரென்று கெட்டால் மணியைத் தூக்கிப் பாருங்கள், புதினா வேர்தான். புதினாவை சைஃபன் பக்கம் நடவே கூடாது.

யாழ்வளவு:

ரெண்டு பேரும் கல்லைப் பற்றிக் கதைக்கேல்லை. இஞ்ச ஆக்கள் தோத்துப் போறது அதிலதான்.

யாழ்ப்பாணத்தில நிலமே சுண்ணாம்புக்கல். வளவுக்குள்ள கிடக்கிற கல்லை உடைச்சு பெட்டை நிரப்பினா காசு மிச்சம் எண்டு நினைப்பினம். கிணத்துத் தண்ணி ஏற்கெனவே வன்தண்ணி, பிஎச் 8 காட்டும். பக்டீரியா அமிலம் விட விட கல்லு கரைஞ்சு திரும்ப மேல தூக்கும். மூண்டு மாசம் போனாலும் அந்த 8 இறங்காது. பிறகு வெண்டிக் கண்டின்ர இளம் இலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

ஒரு கல்லை எடுத்து வினாகிரி ரெண்டு சொட்டு விடுங்கோ. நுரைச்சா அந்தக் கல்லு வேண்டாம். காதுக்குக் கிட்டப் பிடிச்சா சின்னதா இரையிற சத்தமும் கேக்கும். வன்னிப் பக்கத்தால வாற கருங்கல் சல்லி, அரையில இருந்து முக்கால் அங்குலம், தூள் போற வரைக்கும் கழுவிப் போடுங்கோ. தண்ணிக்கு மாரி மழைத் தண்ணியைப் பிடிச்சு வைச்சுக் கலக்கலாம்.

பிஎச் உயரமா இருக்கேக்க அம்மோனியாவும் ஆள் மாறும். 30 டிகிரித் தண்ணியில பிஎச் 7 எண்டா மொத்த அம்மோனியாவில நஞ்சுப் பங்கு 1 வீதத்துக்கும் குறைவு. 8 எண்டா 7 வீதத்துக்கு மேல. 8.5 இல 20 வீதம். பம்புசெட் தம்பி, உங்கட 15 குஞ்சுக் கணக்கு பிஎச் 7 தண்ணிக்குச் சரி. எங்கட தண்ணியில தொட்டிக்காரன் அண்ணை சொன்ன முறைதான்.

விடிகாலை4மணி:

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லாம் சொல்வது வாரக்கணக்கில் கொல்வது. கரண்ட் போனால் ஒரு மணி நேரம் போதும்.

விடியற்காலை தொட்டி ஓரத்தில் நின்றால் சத்தமே இருக்காது. பம்பும் இல்லை, சைஃபனும் இல்லை. டார்ச் அடித்தால் தண்ணீர் மேற்பரப்பு முழுக்க வட்ட வட்டமாக வாய்கள், திறந்து மூடித் திறந்து மூடி. வெளிச்சம் பட்டாலும் கீழே ஓடாது. ஓடுகிற தெம்பு இல்லை.

கணக்குப் போடுங்கள். தீனி தின்று வளர்ந்த திலேப்பியா ஒரு கிலோவுக்கு மணிக்குத் தோராயமாக 300 மில்லிகிராம் ஆக்சிஜன் இழுக்கும். 1000 லிட்டரில் 20 கிலோ மீன் என்றால் மணிக்கு 6 கிராம். 30 டிகிரி தண்ணீர் முழுசாக நிறைந்தாலே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் பிடிக்கும். ராத்திரியில் அது 6 மில்லிகிராமிலிருந்து 2-க்கு இறங்குவதற்குள் தொட்டியில் கையிருப்பு 4 கிராம். நாற்பது நிமிடம். அதே தொட்டியில் 5 கிலோ மீன் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். முதல் வருஷம் 5 கிலோவைத் தாண்டாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, 12 வாட் டிசி ஏர் பம்ப், கரண்ட் போனதும் தானாக மாறும் ஒரு ரிலே. ஐந்தாறு மணி நேரம் ஓடும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், கீழே வைத்தால் நின்றதும் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பம்பையே முழுகடித்துவிடும். தண்ணீர் பம்பைத் தொட்டித் தரையில் வைக்க வேண்டாம். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். எங்காவது பைப் கழன்றாலும் அந்த உயரத்துக்காவது தண்ணீர் மிஞ்சும். பம்ப் வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் லிட்டரை நம்பாதீர்கள், ஒன்றரை மீட்டர் ஏற்றத்தில் எவ்வளவு தள்ளும் என்று கேளுங்கள். மணிக்குத் தொட்டி அளவு தண்ணீர் ஒருமுறையாவது சுற்ற வேண்டும்.

கரண்ட் வராத நாளில் தீனி போடவே கூடாது. தின்ற மீனுக்குத்தான் மூச்சு அதிகம் தேவை. வேறு வழியே இல்லையென்றால் குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கை வலிக்கும்தான்.

அப்புறம் "ஆக்சிஜன் தேவைப்படாத மீன்" என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது தள்ளப் பார்ப்பார்கள். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை. காற்றைக் குடிக்கும் மீன்தான் வேண்டுமென்றால் விரால், பனையேறிக் கெண்டை இருக்கின்றன. கிஃப்ட் திலேப்பியாவுக்கும் (வேகமாக வளர மேம்படுத்திய ரகம்) அனுமதி தேவை, மீன்வளத் துறையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்புசெட்:

இது தனிக் கட்டுரையே ஆச்சே சார் 😄 ஆனால் செங்கல் விஷயம் சரி.

கீரைப்பாத்தி:

யாழ்வளவு சொன்ன மஞ்சள் இலை பிஎச் 7-லும் வரும். மீன் தீனியில் இரும்பு போதாது. துருப்பிடித்த ஆணியைப் போடுவது வீண், அந்த இரும்பு கரைந்து செடிக்குப் போகாது. இடிடிஏ இரும்பும் (தண்ணீரில் கரைந்தே இருக்க வேதிப்பொருளோடு பிணைத்து விற்கும் இரும்பு) பிஎச் 6.5 தாண்டினால் நிற்காது. அதே மாதிரிப் பிணைத்த டிடிபிஏ இரும்பு வாங்குங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. புதுத்துளிர் பச்சையாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள், பழைய மஞ்சள் இலை திரும்பாது.

செடி எத்தனை நடலாம் என்று மீனை எண்ணிக் கணக்கிடாதீர்கள், தீனியை எடை போடுங்கள். எஃப்ஏஓ (ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு) 2014-ல் வெளியிட்ட 589-ம் எண் கையேடு கீரைக்குச் சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்கிறது, காய்ச்செடிக்கு 50 முதல் 80. நாளைக்கு 2 கிராம் போடும் பம்புசெட் தொட்டியில் முதல் மாதம் நாலைந்து கீரைத் தண்டுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அசுவினிக்கு வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடிக்கிறவர்கள் நிறுத்துங்கள். பெட்டில் வடிகிற ஒவ்வொரு சொட்டும் மீனுக்குத்தான் போகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும்.

யாழ்வளவு:

டிடிபிஏ 1000 லீற்றருக்கு எத்தனை கிராம் அக்கா? பைக்கற்றில 11 வீதம் எண்டு கிடக்கு.

கீரைப்பாத்தி:

2 கிராம் இரும்பு வேணும், 11 சதவீதம் என்றால் 18 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பெட் நிரம்புகிற நேரத்தில் ஊற்றுங்கள். ஆனால் உங்கள் பிஎச் 8-க்கு டிடிபிஏவும் நிற்காது, இடிடிஹெச்ஏ இரும்பு 6 சதவீதம் 33 கிராம் போடுங்கள். தண்ணீர் ரெண்டு மூணு நாள் சிவப்பாக இருக்கும், மீன் தெரியாது. பயப்பட வேண்டாம்.