மறு: வெக்டருக்கு எல்லாத் துறையிலும் ‘திசையன்’தானா?

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்தின் ‘வெக்டர்’ (vector) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘திசையன்’ என்பதையே எல்லாத் துறைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். இயற்பியலுக்குச் சரி. விசையையும் திசைவேகத்தையும் திசை சொல்லாமல் முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் மலேரியா ஒட்டுண்ணியைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவும் வெக்டர்தான். அதைத் திசையன் என்றால் சுகாதார ஆய்வாளர் சிரித்துவிடுவார். மரபணுப் பொறியியலில் வேற்று டி.என்.ஏ. துண்டைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் பிளாஸ்மிடும் (பாக்டீரியாவில் காணப்படும் சிறு டி.என்.ஏ. வளையம்) வெக்டரே. அதற்கு ஏது திசை?

கணிதத்துக்குள்ளேயே இடிக்கிறது. ஒன்றோடொன்று கூட்டவும் எண்ணால் பெருக்கவும் கூடியவற்றின் தொகுப்பை ‘வெக்டர் வெளி’ என்பார்கள்; பல்லுறுப்புக்கோவைகள் சேர்ந்தும் அப்படி ஒரு வெளி ஆகும். அதில் எந்தக் கோவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

இலத்தீனில் ‘வெக்டர்’ சுமப்பவரைக் குறித்த சொல். வானியலார் சூரியனிலிருந்து கோளுக்கு இழுத்த கோட்டுக்கு அந்தப் பெயரைச் சேர்த்தார்கள். 1840களில் அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹாமில்டன் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார்: ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது. ஆக, சுமத்தல்தான் அடிப்படை.

இலங்கைப் பாடநூல்கள் இதைப் பிடித்துக்கொண்டு ‘காவி’ என்றன. அங்கே காவுதல், அதாவது சுமந்து செல்லுதல், இன்றும் பேச்சில் உள்ள சொல். நம் பக்கம் காவடியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே ‘காவிகளின் கூட்டல்’ என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், கடைசி பெஞ்சு அரசியல் பேச ஆரம்பித்துவிடும்!

‘கடத்தி’ வேண்டாம் என்பேன். அதை மின்சாரம் கடத்தும் செப்புக் கம்பி எப்போதோ எடுத்துக்கொண்டது.

என் முன்மொழிவு: இயற்பியலிலும் வடிவியலிலும் பழகிப்போன திசையனைக் கலைக்க வேண்டாம். ‘வெக்டர் வெளி’ அப்படியே இருக்கட்டும். உயிரியலில் மட்டும் காவியைத் தனியாக விடாமல் கூட்டுச்சொல்லாக எடுப்போம். பிளாஸ்மிடுக்கு ‘மரபணுக்காவி’ என்றால் நிறக் குழப்பம் வராது.

கொசுவுக்கு ‘நோய்க்காவி’ என்று சொல்லத்தான் கொஞ்சம் தயக்கம். தனக்கு அறிகுறி எதுவும் இல்லாமல் டைஃபாய்டு கிருமியைச் சுமக்கும் மனிதரையும் அது குறித்துவிடும். மருத்துவத்தில் அவர் வேறு, கொசு வேறு. கொசுவுக்கு ‘நோய்பரப்பி’, அந்த மனிதருக்கு ‘நோய்க்காவி’ என்று பிரித்துவிடலாமா? பூச்சியியல், பொதுச் சுகாதாரத் துறைகளில் இருப்பவர்கள் களத்தில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.