டர்பனில் வேலை போனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது?

கணவர் வேலை செய்த தொழிற்கூடத்தில் ஆட்குறைப்பு நடந்துவிட்டது, ஊரில் என்றால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருப்போம், இங்கே யாரிடம் போவது என்று சென்ற வாரம் ஒரு சகோதரி கேட்டிருந்தார். கணவர் நிரந்தர வதிவுரிமை பெற்றவர் என்றும் எழுதியிருந்தார். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், எனக்குப் பட்டறிவாகத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பதிந்துவிட்டுப் பதிவு மூப்புக்காகக் காத்திருக்கும் நம்மூர்ப் பழக்கத்தை முதலில் மறந்துவிட வேண்டும். இங்கே பதிவு செய்வது அவசியம்தான். ஆனால் வரிசைப்படி யாரும் கூப்பிடமாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் வேலையில்லாதோர் விகிதம் சில ஆண்டுகளாகவே 30 சதவீதத்திற்கு மேல் நிற்கிறது. வேலை தேடுபவருக்கு உதவும் பொறுப்போ ஒரே அலுவலகத்தில் இல்லை. தொழிலாளர் துறையும் வேலையில்லாக் காப்பீட்டு நிதியும் தேசிய அரசின் கையில் இருக்கின்றன. சமூக நலமும் சாலைப் பணிகளும் டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்திடம் உள்ளன. உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி, பூங்கா, துப்புரவு, சிறு வணிக உரிமம் போன்றவை டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சியைச் சேர்ந்தவை. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று கீழ்ப்பட்டவை அல்ல, ஒத்துழைக்கக் கடமைப்பட்டவை என்று 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொல்கிறது. அந்த ஒத்துழைப்பு ஏட்டளவில் நிற்காமல் உங்கள் தெருவுக்கு வந்து சேரும் இடம் வார்டு.

எத்தெக்வினியில் நூற்றுக்கும் மேற்பட்ட வார்டுகள் இருக்கின்றன. மாகாண அரசின் சுகுமா சாக்கே திட்டத்தின்படி ஒவ்வொரு வார்டிலும் 'வார் ரூம்' என்ற கூட்டம் நடக்க வேண்டும். சூலு மொழியில் சுகுமா சாக்கே என்றால் எழுந்து நின்று கட்டுவது என்று பொருள். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், அங்கே போர் எதுவும் இல்லை. சமூக நலத் துறை, சுகாதாரம், கல்வி, அடையாள அட்டை வழங்கும் உள்துறை, வேளாண்மை, மாநகராட்சி ஆகியவற்றின் ஊழியர்களும், கோயில், தேவாலயம், தொண்டு அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவார்கள். வீடு வீடாகச் சென்று குடும்பத்தின் நிலையைக் குறித்துவரும் சமூகப் பணியாளர்கள் அந்தக் குறிப்புகளைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இதன் பயன் எனக்குப் புரிந்தது ஒரு நாள் அப்படியொரு கூட்டத்தில் பார்வையாளனாக உட்கார்ந்தபோதுதான். கணவனை இழந்த ஒரு பெண்மணிக்குத் துப்புரவு வேலை கிடைக்கும் நிலையில் இருந்தது. அவரிடம் அடையாள அட்டை இல்லை. அட்டை வாங்குவதற்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அலுவலகத்துக்கு அலைவதற்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. தனித்தனியாகப் போயிருந்தால் ஒவ்வொரு சாளரத்திலும் அடுத்த சாளரத்தைக் கைகாட்டியிருப்பார்கள். அன்று உள்துறை அலுவலரும் சமூகப் பணியாளரும் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்ததால், அட்டைக்கு ஒரு தேதியும் குழந்தைக்கு ஒரு காப்பகமும் அங்கேயே முடிவாயின. வேலை இல்லை என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி நாலைந்து முடிச்சுகள் கிடக்கின்றன என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அதே சமயம், எல்லா வார்டிலும் இது ஒழுங்காக நடப்பதில்லை. சில இடங்களில் பெயருக்கு இருக்கும், சில இடங்களில் கவுன்சிலரின் ஆர்வத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஆகவே கவுன்சிலர் அலுவலகத்திற்குச் சென்று, அடுத்த வார் ரூம் எப்போது, எங்கே என்று நேராகவே கேளுங்கள். முகவரிச் சான்று கேட்கும் இடங்களில் கவுன்சிலரின் கடிதமும் உதவும் என்பதால், எப்படியும் அங்கே ஒரு முறை போகத்தான் வேண்டும். மாநகராட்சியின் மக்கள் சேவை மையங்களான சிசகாலா மையங்களிலும் எந்தத் துறை எங்கே இருக்கிறது என்று விசாரிக்கலாம்.

இதே எண்ணத்தை நாடு முழுவதற்கும் விரிக்க 2019இல் மாவட்ட வளர்ச்சி மாதிரி என்ற ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. சோதனை முயற்சியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று இடங்களில் எத்தெக்வினியும் ஒன்று. வேலை தேடுபவருக்கு அது நேரடியாகக் கண்ணில் படாது.

2004இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டம் கண்ணில் படும். சாலையோரப் பராமரிப்பு, ஓடை சுத்தம், சமூகப் பராமரிப்பு போன்ற வேலைகளை மாநகராட்சித் துறைகளும் மாகாணத் துறைகளும் இதன் கீழ்க் குறுகிய காலத்திற்குத் தருகின்றன. பெண்களுக்கு 60 சதவீதம், இளைஞர்களுக்கு 55 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஊதியம் குறைவு, வேலையும் நிலையானதல்ல. பொறியியல் படித்துவிட்டு வந்தவர் இதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. தவிரவும், இது இந்நாட்டு ஏழைகளுக்காக ஏற்பட்டது. புதிதாக வந்த நாம் அந்த வரிசையில் முண்டியடிப்பது அக்கம்பக்கத்து உறவுக்கும் நல்லதல்ல என்பது என் கருத்து.

சகோதரியின் கணவருக்கு உடனடியாகக் கைகொடுக்கக்கூடியது வேலையில்லாக் காப்பீட்டு நிதி. மாதந்தோறும் சம்பளத்தில் 1 சதவீதம் தொழிலாளியிடமும் 1 சதவீதம் முதலாளியிடமும் பிடிக்கப்படுகிறது. நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் வரவு சேரும். அதிகபட்சம் 365 நாள். குறைந்த சம்பளக்காரருக்குச் சம்பளத்தில் 60 சதவீதம் வரை கிடைக்கும், சம்பளம் கூடக்கூட அது 38 சதவீதம் வரை இறங்கும். தானாக வேலையை விட்டவருக்குக் கிடையாது. வேலை நின்ற 12 மாதத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடுபவராகத் தொழிலாளர் துறையில் பதிந்திருக்கவும் வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலர் இதை வருங்கால வைப்பு நிதி என்றும், இலங்கையர் சேமலாப நிதி என்றும் நினைத்துக்கொண்டு, நாடு திரும்பும்போது மொத்தமாகக் கேட்கிறார்கள். இது சேமிப்பல்ல, காப்பீடு. திரும்பப் போகிறவருக்குப் பணம் தரமாட்டார்கள்.

வேலை விசாவில் இருப்பவர்கள் வேறு வகையாக யோசிக்க வேண்டும். 2018 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் இந்த நிதிக்குச் செலுத்துகிறார்கள் என்றாலும், பொது வேலை விசா ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் காப்பீட்டுப் பணத்தைவிட விசாவே முதல் கவலையாக இருக்க வேண்டும். வேலை விசாக்காரரின் துணைவராக வந்தவர், அந்த விசாவை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே பரவியிருக்கிறது. நிறவெறி ஆட்சியில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு வேலையில் முன்னுரிமை தரும் வேலைச் சமத்துவச் சட்டத்தில் 'இந்தியர்' என்ற பிரிவு இருப்பதால் நமக்கும் முன்னுரிமை உண்டு என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து கரும்புத் தோட்டங்களில் பாடுபட்டவர்களின் வாரிசுகளுக்கும், அவர்களைப் போல நிறவெறி ஆட்சியில் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் உரியது அந்தப் பிரிவு. எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நாளான 1994 ஏப்ரல் 27க்குப் பிறகு வந்து குடியுரிமை பெற்றவர்கள் பொதுவாக அதில் சேரமாட்டார்கள். கோயிலில் நம்மோடு சேர்ந்து கூழ் ஊற்றும் உள்ளூர்த் தமிழருக்கும் நமக்கும் சட்டத்தின் கண்ணில் இந்த வேறுபாடு உண்டு.

படிப்புச் சான்றிதழ்களைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்திடம் மதிப்பிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள கல்வித் தகுதியின் பத்து நிலைகளில் உங்கள் பட்டம் எதற்கு இணை என்று தெரியாமல் பல நிறுவனங்கள் விண்ணப்பத்தைப் பிரிக்கவே மாட்டா. நகல்களுக்குக் காவல் நிலையத்தில் இலவசமாகவே சான்றொப்பம் இடுகிறார்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடை செய்கிறது. இது தெரியாமல் வந்த புதிதில் ஒரு முகவரிடம் 1,500 ராண்டைக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் தொலைபேசியை எதிர்பார்த்திருந்தவன் நான்.

சகோதரி, உங்கள் கணவர் தொழிற்கூடத்தின் கணக்குகள் முடிக்கப்படுவதற்குள் சென்று, காப்பீட்டு நிதிக்காக முதலாளி நிரப்பித் தரும் யூஐ-19 படிவத்தில் வேலை நின்ற காரணத்தை 'ஆட்குறைப்பு' என்று சரியாக எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லட்டும். அந்த இடத்தில் 'விலகினார்' என்று எழுதிவிட்டால், பிறகு அதைத் திருத்துவதற்கே மாதங்கள் ஓடிவிடும்.