உள்வாங்கு தணிப்பு: மின்காரின் 'ரீஜென்' என்பதற்கு ஒரு சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்கார் சொற்பட்டியலில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்' என்பது மட்டும் இழுபறியாக நிற்கிறது. 'மீளாக்க நிறுத்தம்', 'மீட்புத் தடுப்பு', 'மீள்மின் தடை' என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. அவற்றை ஆக்கியவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் மூன்றும் பொருளை விட்டு விலகுகின்றன என்று கருதுவதால், என் காரணங்களையும் மாற்றாக ஒரு சொல்லையும் இம்மடலில் வைக்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மின்காரில் முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்தவுடன், அதுவரை சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்த மோட்டாரைச் சக்கரங்கள் சுழற்றத் தொடங்குகின்றன. அக்கணமே மோட்டார் மின்னாக்கியாக மாறுகிறது. வண்டியின் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் மின்சாரமாகி மின்கல அடுக்குக்குத் திரும்புகிறது. திரும்பும் அளவுக்கு வேகம் தணிகிறது. பிரேக் கட்டைகள் தட்டைத் தொடுவதே இல்லை. வேகம் மிகக் குறைந்ததும் இந்த இழுப்பு வலுவிழந்துவிடுவதால், வண்டியை அசையாமல் நிறுத்துவதற்குப் பெரும்பாலான கார்களில் பழைய உராய்வு பிரேக்கின் துணை தேவைப்படுகிறது. ஆகவே இதனை 'நிறுத்தம்' என்று அழைப்பது பிழை. வேகத்தைக் குறைப்பதுதான் இதன் வேலை.

எவ்வளவு ஆற்றல் திரும்புகிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஏனெனில் சொல் தன் பொருளைவிடப் பெரிதாக வாக்களித்துவிடக் கூடாது. ஆட்களுடன் 1,600 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் ஓட்டத்தில் உள்ள ஆற்றல் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 16இல் ஒரு பங்குதான். அதிலும் மோட்டார், இன்வெர்ட்டர், மின்கல அடுக்கு ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிதை வெப்பமாக இழந்த பிறகு மிஞ்சுவதே நம் கணக்கில் சேரும். அதைக்கொண்டு வண்டி சில நூறு மீட்டர் ஓடும். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை கருவேலங்காட்டின் நடுவே நேராகக் கிடக்கும் சாலையில், ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் அன்றி, இதற்கு வேலையே குறைவு. ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள நெரிசலில், பத்தடிக்கு ஒருமுறை காலை எடுக்க வேண்டிய இடத்தில், இதன் பயன் தெரியும். 'மீளாக்கம்' என்ற சொல், வண்டி தன் மின்சாரத்தைத் தானே புதிதாக உண்டாக்கிக்கொள்வது போன்ற எண்ணத்தைத் தருகிறது. ஓடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அந்த மயக்கத்தைச் சொல்லே வளர்க்கலாகாது.

இச்சொல்லின் தேவையை நான் உணர்ந்த இடம் பாம்பன் சாலைப் பாலம். 1988இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம், அடியில் படகுகள் கடந்து செல்வதற்காக நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிறது; தட்டையான நம் கரையில் சொல்லத்தக்க ஏற்ற இறக்கம் அது ஒன்றே. கார் வாங்கிய புதிதில், மண்டபத்தில் என் வீட்டில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, நூறு விழுக்காட்டுடன் விடியற்காலையில் கிளம்பினேன். பாம்பன் பக்கத்து இறக்கத்தில் வழக்கம்போல் காலை எடுத்தபோது வண்டி பிடிப்பே இல்லாமல் உருண்டது. புதிய ரயில் பாலத்தையும் கடலையும் பார்ப்பதற்காக வண்டிகளை ஓரங்கட்டியிருந்தவர்கள் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். பிரேக் மிதியை அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் ஏதோ பழுதாகிவிட்டது என்ற அச்சம் தனுஷ்கோடி வரை போகவில்லை. அன்று மாலை, மின்கல அடுக்கு எழுபது விழுக்காட்டுக்கு இறங்கியிருந்த நிலையில், அதே பாலத்தில் மண்டபம் பக்கம் இறங்கியபோது வண்டி முன்போலவே வலுவாகப் பிடித்து இழுத்தது. நிறைந்திருக்கும் அடுக்கில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை என்பதால் வண்டியின் கட்டுப்பாட்டகம் இந்த இழுப்பைக் குறைத்துவிடுகிறது என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. விற்பனை நிலையத்தில் எவரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களிடம் தமிழில் ஒரு சொல்லும் இல்லை. ஓட்டுநரின் பாதுகாப்பைத் தொடும் ஒரு செய்தி, பெயரில்லாத காரணத்தாலேயே சொல்லப்படாமல் போகிறது என்பதுதான் என் கவலை.

இப்போது மற்ற இரு சொற்களுக்கு வருகிறேன். 'மீள்மின் தடை' என்பதைப் படிக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது மின்வெட்டு அறிவிப்பு. இயற்பியல் மாணவருக்கோ மின்சாரம் பாய்வதை எதிர்க்கும் தன்மை. இங்கோ மின்சாரம் தடையின்றிப் பாய்ந்தால்தான் வேகமே தணியும். 'மீட்புத் தடுப்பு' என்பதில் 'மீட்பு' பொருத்தமானதுதான். ஆனால் நம் கரையில் அச்சொல் ஏற்கெனவே பாரம் சுமந்துகொண்டிருக்கிறது. நடுக்கடலில் தத்தளித்த மீனவர்கள் மீட்பு, கரைதட்டிய படகு மீட்பு என்று நாள்தோறும் கேட்கும் செவிக்கு, 'மீட்புத் தடுப்பு' என்பது யாரோ மீட்பதைத் தடுப்பதாகவே ஒலிக்கிறது.

என் மைத்துனர் பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழிலுக்குப் போகிறவர். ஒருநாள் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். தங்கச்சிமடம் தாண்டி, காலை எடுத்த மறுகணம் அவர், "என்ன மச்சான், வண்டி உள்வாங்குது?" என்றார். அந்தச் சொல்லை நான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் கடல் உள்வாங்கி, நாட்டுப்படகுகள் தரைதட்டி நிற்பதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். முன்னோக்கி வந்தது பின்னோக்கி இழுபடுவதும், இழுபட்டது அழியாமல் உள்ளே சேர்ந்திருந்து மறுபடி திரும்புவதும் அச்சொல்லில் ஒருசேர அடங்கியிருக்கின்றன. காருக்குள் அமர்ந்திருப்பவர் உடலால் உணர்வதும், பொறிக்குள் நடப்பதும் ஒன்றாகவே பெயர் பெறுகின்றன. கலைச்சொல்லில் இந்த இரட்டைப் பொருத்தம் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே நான் முன்மொழியும் சொல் 'உள்வாங்கு தணிப்பு'. ஊறுகாய், சுடுகாடு என்பவை போல இது வினைத்தொகை. எனவே நடுவில் வல்லினம் மிகாது. தட்டச்சு செய்வோர் 'உள்வாங்குத் தணிப்பு' என்று திருத்திவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். கிளைச்சொற்களும் இதிலிருந்து தடையின்றி வருகின்றன. ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று என்னும் அளவுகளை 'உள்வாங்கு நிலை' என்றும், பாலத்தில் எனக்கு நேர்ந்ததை 'உள்வாங்கா நிலை' என்றும், ஒரு பயணத்தில் திரும்பக் கிடைத்ததை 'உள்வாங்கிய யூனிட்' என்றும் சொல்லலாம். பேச்சு வழக்கில் 'வண்டி நல்லா உள்வாங்குது' என்பதே போதும்.

ஒரு செய்தியை இங்கேயே பதிந்துவிடுகிறேன். நம் கரையில் மின்கார் வைத்திருப்பவருக்கு இது முதன்மையானது. உள்வாங்கு தணிப்பே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவதால் உராய்வு பிரேக்கின் தட்டுகள் நாட்கணக்கில் தேய்க்கப்படாமல் கிடக்கின்றன. உப்புக்காற்றுக்கு அதுவே வாய்ப்பு. இக்கரையின் அரிமானம் எத்தகையதென்று காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, மண்டபத்தில் களம் அமைத்தே ஆராய்ந்திருக்கிறது; 2025இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியதும் இதனால்தான். கச்சான் காற்று ஓயாமல் வீசும் மாதங்களில், ஒரு வாரம் நிறுத்தி வைத்த என் காரின் தட்டுகள் செம்மண் பூசியவை போல் இருந்தன. முதல் மிதியில் அரைபடும் ஓசை கேட்டது. சில நாட்களுக்கு ஒருமுறை, பின்னால் வண்டி வராத இடத்தில், உள்வாங்கு நிலையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து பிரேக்கை அழுத்தமாக மிதித்தால் தட்டுகள் துலங்கிவிடும். இந்த ஒரு வரி அறிவுரையை 'மீளாக்க நிறுத்தம்' என்ற சொல்லைக்கொண்டு எழுதிப் பாருங்கள்; படிப்பவர் எதைச் சுழியமாக்குவது என்று தெரியாமல் திகைப்பார்.

மின்தொடர்வண்டிகளில் சில, இதே முறையில் உண்டாகும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாமல் மின்தடையங்களில் விட்டு வெப்பமாகவே கழித்துவிடுகின்றன. அதற்கு 'வெப்பத் தணிப்பு' என்ற சொல்லை இணையாக முன்வைக்கிறேன். கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

மண்டபத்திலிருந்து.

மறுமொழி, கீழக்கரையிலிருந்து:

வணக்கம் ஐயா. பாலிடெக்னிக் கல்லூரியில் மின்னியல் கற்பிப்பவள் என்ற முறையில் தங்கள் மடலை மாணவர்களிடம் படித்துக் காட்டினேன். சொல் அவர்கள் நாவில் உடனே ஒட்டிக்கொண்டது. ஆனாலும் மூன்று ஐயங்கள் எழுகின்றன.

வீட்டில் பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும்போதும் மின்கல அடுக்கு மின்சாரத்தை உள்வாங்கத்தானே செய்கிறது? இரண்டும் குழம்பாதா?

'கடல் உள்வாங்கியது' என்ற செய்தி 2004 டிசம்பருக்குப் பிறகு நம் மக்களுக்கு அச்சத்தையும் தருகிறது. என் தாயார் இன்றும் அச்சொல்லைக் கேட்டால் கரைப்பக்கம் போகாதே என்பார்கள். வண்டியின் ஒரு நற்கூறுக்கு அந்தப் பெயர் தகுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

மூன்றாவதாக, 'வெப்பத் தணிப்பு' என்றால் வெப்பத்தைத் தணிப்பது, அதாவது குளிர்விப்பது என்றே மாணவர்கள் அனைவரும் பொருள் சொன்னார்கள். 'மீட்புத் தடுப்பு' என்பதில் தாங்கள் கண்ட குற்றம் அப்படியே இதிலும் இருக்கிறது.

மண்டபம் மடலுக்கு உரியவரின் மறுமொழி:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். வகுப்பறையில் சோதித்துப் பார்த்து எழுதியதற்கு நன்றி.

முதல் ஐயத்துக்கு விடை சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. பிளக்கில் செருகி நிற்கும் வண்டியில் தணிவதற்கு வேகமே இல்லை. அதனை 'மின்னேற்றம்' என்று நம் பட்டியல் முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'உள்வாங்கு' என்பதை ஓட்டத்திலிருந்து வரும் மின்சாரத்துக்கு மட்டுமே ஒதுக்கிக்கொள்வோம் என்று வரையறையில் எழுதிவிடலாம்.

இரண்டாவதைப் படித்துவிட்டு ஒரு நாள் மடல் எழுதாமல் இருந்தேன். தங்கள் தாயாரின் அச்சம் உண்மையானது. அதனைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மைத்துனரிடம் கேட்டேன். அந்த நாளை அவரும் மறந்தவரல்லர். ஆனால் கடல் உள்வாங்குவது அதற்கு முன்னும் பின்னும் தாம் அன்றாடம் கணக்கில் கொள்ளும் நிகழ்வு என்றும், அச்சொல்லை அந்த ஒரு நாளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொன்னார். தொழில் செய்பவரின் வாயில் உயிரோடு இருக்கும் சொல் என்பதால் நானும் அதனையே பற்றி நிற்கிறேன். குழுவில் பெரும்பான்மையோர் தயங்கினால் மறுபடி ஆராய்வோம்.

மூன்றாவதில் தாங்கள் சொல்வதே சரி. 'வெப்பத் தணிப்பு' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வலையில் சிக்கிய பாசியையும் நண்டுக் காலையும் கரையில் உதறுவது போல, அந்த முறையில் ஆற்றல் வேண்டாததாக உதறப்படுகிறது. ஆதலால் 'உதறு தணிப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா? அதுவும் வினைத்தொகையே, முன்னதற்கு இணையாகவும் நிற்கிறது. மாணவர்களிடம் இதனையும் பொருள் சொல்லாமல் முதலில் கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.

பட்டியலுக்கான வரைவு வரையறை வருமாறு.

உள்வாங்கு தணிப்பு: ஓடும் மின்னூர்தியின் மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஊர்தியின் ஓட்ட ஆற்றலை மின்சாரமாக மின்கல அடுக்குக்கோ மின்வழிக்கோ திருப்பி, அதன் மூலம் வேகத்தைத் தணித்தல். அடுக்கு நிறைந்திருக்கும்போது இது குறையும் அல்லது நிகழாது. அந்நேரத்தில் ஓட்டுநர் உராய்வு பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும்.