"தட்டணுக் குறைபாடு" வேண்டாம், "தட்டணுச் செயற்பிழை" எனலாமா?

ஐயா, வணக்கம்.

இரத்தம் ஒழுகாமல் அடைக்கும் தட்டணுக்கள் (platelets) சரியாக வேலை செய்யாத நிலைக்கு நீங்கள் தந்த "தட்டணுக் குறைபாடு" என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெங்கு வந்துபோன பிறகு எங்கள் மயிலாடுதுறைப் பக்கத்தில் குறைபாடு என்றாலே எண்ணிக்கை இறங்கிவிட்டது என்றுதான் காதில் விழும். இங்கே சிக்கல் வேறு. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தாய் பிள்ளையின் தட்டணு எண்ணிக்கைத் தாளை நீட்டிக் கேட்டார்: "ரெண்டரை லட்சம் இருக்கு, நார்மல்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் பல்லு விழுந்த இடத்துல ரத்தம் நிக்கல?" அந்தக் கேள்விக்கு விடையாக நிற்கும் சொல்தான் நமக்கு வேண்டும்.

அவர் பிள்ளையின் விரல்நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பார்த்தோம். வழக்கமாகத் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். இதிலோ நாற்றங்காலில் விதை தெளித்ததுபோல ஒவ்வொன்றும் தனித்தனியே. தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்க்க வெளியூருக்கு அனுப்பிய திரளல் சோதனையும் அதையே சொன்னது. 1918இல் சுவிஸ் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்த நோய் இது. இரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம்தான் தட்டணுக்களைப் பிணைக்கும் கயிறு. அதைப் பற்றும் கொக்கி இந்நோயுள்ளவரின் தட்டணுக்களில் இருக்காது, இருந்தாலும் பழுதாக இருக்கும். தாய், தந்தை இருவர் வழியாகவும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகளைக் கட்டும் நம் ஊர்களில் இதை மறக்கக் கூடாது.

கொள்ளிடக் கரை உடைப்பெடுத்தால் மணல் மூட்டை அடுக்குகிறோம். மூட்டையே போதவில்லை என்றால் அது டெங்கு. போதுமான மூட்டை இருந்தும் ஒன்றையொன்று கவ்வாமல் சரிந்தால் கிளான்ஸ்மன் நோய். மூட்டை கரையையே பிடிக்காவிட்டால் 1948இல் பெர்னார்டும் சூலியரும் விவரித்த நோய் (அதில் தட்டணுக்கள் பெருத்திருக்கும், எண்ணிக்கையும் குறையும்). எனவே கிளான்ஸ்மன் நோய்க்குத் "தட்டணுத் திரளாமை", பெர்னார்ட்-சூலியர் நோய்க்குத் "தட்டணு ஒட்டாமை", மொத்தத்துக்கும் "தட்டணுச் செயற்பிழை" என்பது என் கருத்து.

"செயலிழப்பு" எனக்கு ஒப்பவில்லை. சிறுநீரகச் செயலிழப்பு என்று கேட்டுப் பழகியவர்கள் பதறிவிடுவார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவருக்கும் தட்டணு ஒழுங்காக வேலை செய்யாது. ஏழெட்டு நாளில் புதுத் தட்டணுக்கள் வந்ததும் சரியாகிவிடும். அதைப் போய் இழப்பு என்பதா? பிழை என்றால் பிறவியில் வந்ததற்கும் பொருந்தும், மருந்தால் வந்ததற்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். "செயல்பிழை" என்று பிரித்தே எழுதினால் இலக்கணம் இடிக்குமா, ஐயா? அந்தத் தாய் எழுத்துக் கூட்டித்தான் படித்தார்.