இன்சுலின் போட்டுக்கொண்டே எடை குறைத்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ராத்திரி ஒரு ஊசி, சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு ஊசி என்று இன்சுலின் போடுகிறேன். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வேகமாக நடந்த நாட்களில் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், சுகர் 70-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட், ஏறாவிட்டால் திரும்பவும் குளுக்கோஸ். நடந்து எரித்த கலோரியெல்லாம் அப்படியே உள்ளே வந்துவிடுகிறது. இதுதான் மனதை ரொம்பச் சோர வைக்கிறது.

ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலம்) ஏறி ஆபத்தாகும், அந்த யோசனை மட்டும் யாரும் சொல்லாதீர்கள். நடக்கிற நாளில் டோஸை எப்படி மாற்றச் சொன்னார் உங்கள் டாக்டர்? சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கிறீர்களா, பின்னாலா? எடை குறையக் குறைய இன்சுலின் யூனிட்டும் குறைந்ததா? டாக்டரைப் பார்க்கும்போது இதையெல்லாம் வைத்துக் கேட்க நினைக்கிறேன்.