16777216-இல் நின்றுபோகும் எண்: சி மொழியில் ப்ளோட், டபுள் அனுபவங்கள்

நாள்கணக்கில் ஓடும் கருவிகளில் அடிக்கடி தலைகாட்டும் பக் இது. ப்ளோட் (தசம எண்களை வைக்கும் 32 பிட் வகை) வேரியபிளில் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 16777216 வந்ததும் எண் அப்படியே நின்றுவிடும். எரர் எதுவும் வராது. ப்ளோட்டின் 32 பிட்டில் குறிக்கு 1, அடுக்குக்கு 8, பின்னத்துக்கு 23. சேமிக்கப்படாத முன் 1-ஐயும் சேர்த்தால் துல்லியம் 24 பிட். 2-இன் 24-ஆம் அடுக்குதான் 16777216. அங்கிருந்து மேலே எண்கள் இரண்டு இரண்டாகத்தான் தாவும்; 16777217-க்கு இடமே இல்லை. லூப் எல்லை 2 கோடி என்றால் லூப் முடியாது. எண்ணுவதற்கு முழு எண் வகைதான் சரி. நேரத்தை மில்லிசெகண்டாக 64 பிட் முழு எண்ணில் வைத்து, திரையில் காட்டும்போது மட்டும் 1000.0-ஆல் வகுங்கள். வெறும் 1000 என்று எழுதினால் தசமப் பகுதி காணாமல் போகும்.

*

‘டபுளுக்கு (வழக்கமாக 8 பைட் எடுக்கும், ப்ளோட்டைவிடத் துல்லியமான வகை) மாற்றினால் போதுமே’ என்பவர்களுக்கு: ஏவிஆர் சிப் உள்ள ஆர்டுயினோ யூனோ (சிறிய கட்டுப்பாட்டு போர்டு) போன்றவற்றில் டபுள் என்று எழுதினாலும் கிடைப்பது 4 பைட்தான், ப்ளோட்டும் அதுவும் ஒன்றே. போர்டு மாற்றும்போதெல்லாம், எத்தனை பைட் என்று சொல்லும் சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

*

0.1-ஐயும் மறக்க வேண்டாம். பைனரியில் அது முடிவில்லாமல் நீளும். எங்காவது வெட்டியாக வேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியதற்கு இந்த வெட்டுதான் காரணம். அது ஃபிக்ஸட் பாயின்ட் (புள்ளியின் இடம் மாறாத எண் முறை), ப்ளோட் அல்ல. ஆனால் நோய் ஒன்றே. பத்தில் ஒரு நொடியை 24 பிட்டில் வெட்டியதால், 100 மணி நேரத்தில் 0.34 நொடி பிசகு சேர்ந்தது. 28 படைவீரர்கள் உயிரிழந்தார்கள்.

சி-யில் இதே வெட்டு வேறு உருவில் வரும். ப்ளோட் வேரியபிளில் 0.1 வைத்து, == போட்டு (சமமா என்று) 0.1-உடன் ஒப்பிட்டால், டபுள் 8 பைட்டாக உள்ள இடங்களில் பொய் என்றே விடை வரும். எஃப் பின்னொட்டு (0.1f) இல்லாத 0.1 ஒரு டபுள்; இரண்டும் வெவ்வேறு இடத்தில் வெட்டப்பட்டவை.

*

== வேண்டாம் என்றதும் பலர் டபுள் எப்சிலானை (DBL_EPSILON) வித்தியாசத்தின் எல்லையாக எடுத்துப் போடுகிறார்கள். அது 1-க்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி. 1000-க்குப் பக்கத்தில் இடைவெளி அதைப்போல 512 மடங்கு; ஒப்பீடு மறுபடி == ஆகவே வேலை செய்யும். வித்தியாசத்தை, இரண்டில் பெரியதன் அளவை ஒரு சிறு விகிதத்தால் பெருக்கி அதனோடு ஒப்பிடுங்கள். பூஜ்ஜியத்துக்கு அருகில் மட்டும் தனியாக ஒரு நிலையான எல்லை தேவை.

*

ரூபாய் 0.29-ஐ 100-ஆல் பெருக்கி இன்ட் (முழு எண்) ஆக்கினால் 28 பைசா வரும். பெருக்கல் 28.999999999999996 தருகிறது, இன்ட் மாற்றம் தசமத்தை அப்படியே கழித்துவிடுகிறது. அருகிலுள்ள முழு எண்ணைத் தரும் எல்ரவுண்ட் போட்டால் 29. ஆனால் பணத்தை முதலிலிருந்தே பைசாவாக முழு எண்ணில் வைப்பதுதான் முறை.